விட்டுப்போன சொல் எங்கே?



இன்றைய பேச்சு ஆங்கிலத்தைப் பற்றியது. பயப்பட வேண்டாம். ஆங்கிலம் முழுவதையும் இங்கே இறக்கி வைக்கப் போவதில்லை. அதில் வரும் நாலைந்து சின்னச் சொற்களைப் பற்றித்தான் பேச்சு. அவை பார்க்க மிகவும் சின்னவை. ஆனால் ஒரு முழு வாக்கியத்தையே முதுகில் சுமந்துகொண்டு வருபவை. யார் சுமை எது என்று தெரியாவிட்டால் காசு போகும். சில நேரம் உயிரே பதறும்.

முதலில் ஒரு கதை.

பெங்களூரில் ஒரு தையல் கம்பெனி. அங்கே ஒரு தமிழ் அக்கா வேலை பார்க்கிறார். சட்டைக்குக் காலர் தைப்பது அவர் வேலை. கம்பெனிக்குப் புதிதாக ஒரு கணக்கர் வந்தார். வடக்கே இருந்து வந்தவர். அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அக்காவுக்கு இந்தி தெரியாது. ஆகவே இருவருக்கும் நடுவில் கொஞ்சம் ஆங்கிலம்.

தீபாவளிக்கு முன்னால் பலர் 500 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். அக்கா வாங்கவில்லை. கணக்கர் பட்டியலோடு வந்து கேட்டார்.

"டிட்ன்ட் யூ டேக் தி அட்வான்ஸ்?"

"நீங்கள் முன்பணம் வாங்கவில்லையா?" என்று அர்த்தம். அக்காவுக்கு அது நன்றாகவே புரிந்தது. தலையை ஆட்டி, "யெஸ் சார்" என்றார். "ஆமாம் சார், வாங்கவில்லை" என்று அவர் மனதில் நினைத்தார். கணக்கர் அவர் பெயருக்கு நேரே 'வாங்கினார்' என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதச் சம்பளத்தில் 500 ரூபாய் குறைந்தது.

பொய் சொன்னது யார்? இருவரும் இல்லை. கேள்வி புரிந்தது. பதிலும் மரியாதையாகத்தான் வந்தது. பிறகு எங்கே கோளாறு?

தமிழில் நாம் எப்படிப் பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

"சம்பளம் வரலையா?"

"ஆமா, வரலை." இப்படியும் சொல்வோம்.

"இல்லை, வரலை." இப்படியும் சொல்வோம்.

"இல்லை, இல்லை, வந்துடுச்சு." இப்படியும் சொல்வோம்.

பார்த்தீர்களா? 'ஆமா' என்றாலும் வரவில்லை. 'இல்லை' என்றாலும் வரவில்லை. 'இல்லை' என்று தொடங்கி, வந்துவிட்டது என்று முடிப்பதும் உண்டு. நமக்குக் குழப்பமே இல்லை. ஏனென்றால் பின்னால் வினைச்சொல் வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறது. 'வரலை', 'வந்துடுச்சு' என்பதுதான் பதில். முன்னால் வரும் 'ஆமா'வும் 'இல்லை'யும் வாசல் தெளிக்கிற மாதிரிதான்.

ஆங்கிலத்தில் வாசலே வீடு. கேள்வி 'வாங்கினாயா' என்று வந்தாலும் சரி, 'வாங்கவில்லையா' என்று வந்தாலும் சரி. 'யெஸ்' என்றால் வாங்கினேன். 'நோ' என்றால் வாங்கவில்லை. கேள்வியின் திசை எப்படி இருந்தாலும் பதிலின் திசை மாறாது. 'யெஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஐ டிட்', அதாவது 'நான் வாங்கினேன்' என்பது மறைந்து நிற்கிறது. அக்கா அதைச் சொல்லவில்லை. ஆனால் கணக்கர் காதில் அது விழுந்துவிட்டது.

நம் நாட்டில் ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்கள் கூட இந்த இடத்தில் தடுமாறுவது உண்டு. ஆகவே அக்கா வெட்கப்பட ஒன்றும் இல்லை. வவுச்சரை எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அதில் அவர் கையெழுத்து இல்லை. பணம் திரும்பி வந்தது. ஆனால் பத்து நாள் அலைச்சல்.

இதற்கு மருந்து என்ன? 'யெஸ்', 'நோ' என்று ஒரு சொல்லோடு நிற்காமல், வாலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நோ சார், ஐ டிட்ன்ட்." இப்படிச் சொன்னால் எந்தக் கணக்கரும் தவறாக எழுத முடியாது.

அந்த வால் எங்கிருந்து வருகிறது? கேள்வியிலிருந்தே வருகிறது. கேள்வியின் முதல் சொல்லைக் கவனியுங்கள். அதுதான் பதிலில் திரும்பி வரும். "டிட் யூ...?" என்று கேட்டால் "ஐ டிட்". "ஹேவ் யூ...?" என்று கேட்டால் "ஐ ஹேவ்". "கேன் யூ...?" என்று கேட்டால் "ஐ கேன்". "ஆர் யூ...?" என்று கேட்டால் மட்டும் "ஐ ஆம்" என்று உருவம் கொஞ்சம் மாறும். கேட்டவர் கொடுத்த சாவியாலேயே பூட்டைத் திறக்கலாம். மீதிச் சொற்கள் எல்லாம் விட்டுப்போகும். விட்டுப்போனாலும் குற்றம் இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பேச்சைச் சுருக்குவது எல்லா மொழிகளிலும் உண்டு. ஆனால் எதைச் சுருக்குவது என்பதில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

"சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்."

இதில் 'நான்' எங்கே? இல்லை. தேவையும் இல்லை. 'சாப்பிட்டேன்' என்பதன் கடைசியில் 'ஏன்' என்ற ஒலி இருக்கிறதே, அதுவே 'நான்' என்று சொல்லிவிடுகிறது. 'சாப்பிட்டாள்' என்றால் அவள். 'சாப்பிட்டோம்' என்றால் நாம் எல்லாரும். தமிழ் வினைச்சொல் ஆளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறது.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சாப்பிட்டதற்கு 'ஏட்' என்று ஒரு சொல். நான் சாப்பிட்டாலும் 'ஏட்'. அவள் சாப்பிட்டாலும் 'ஏட்'. ஊரே சாப்பிட்டாலும் 'ஏட்'. ஆளைச் சொல்லாவிட்டால் யார் என்றே தெரியாது. அதனால் ஆங்கிலம் ஆளை விடாது. வினையை விட்டுவிடும். "டிட் யூ ஈட்?" "ஐ டிட்." இங்கே 'ஈட்' போய்விட்டது. ஆள் நிற்கிறார். நம் பேச்சில் ஆள் போய்விடுகிறார். சாப்பாடு நிற்கிறது!

சின்னச் சொற்களில் இன்னொன்று 'சோ'. "ஹீ ஒர்க்ஸ் ஹியர். சோ டஸ் ஹிஸ் ஒய்ஃப்." அவர் இங்கே வேலை செய்கிறார். அவர் மனைவியும் அப்படியே. இரண்டாவது வாக்கியத்தில் வேலை என்ற சொல்லே இல்லை. 'சோ'வும் 'டஸ்'ஸும் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் இதற்கு ஒரே ஓர் 'உம்' போதும். "அவர் மனைவியும்தான்." சிக்கனத்தில் தமிழை மிஞ்ச முடியாது.

அடுத்தது 'ஒன்'. இது எல்லாருக்கும் தெரிந்த சொல். ஒன், டூ, த்ரீ. ஒன்று, இரண்டு, மூன்று. ஆனால் ஒன் என்றால் ஒன்று என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது அரைப் பாடம்.

கடைக்குப் போகிறோம். கடைக்காரர் இரண்டு குடைகளைக் காட்டுகிறார். "விச் ஒன்?" என்று கேட்கிறார். எத்தனை என்று கேட்கவில்லை. எது என்று கேட்கிறார். "தி பிக் ஒன்" என்றால் பெரியது. "தி பிளாக் ஒன்" என்றால் கறுப்பானது. இங்கே 'ஒன்' எண் அல்ல. குடைக்குப் பதில் நிற்கும் ஆள்.

இந்த 'ஒன்'னுக்குப் பன்மையும் உண்டு. "தி பிக் ஒன்ஸ்" என்றால் பெரியவை. ஒன்றுக்குப் பன்மையா என்று சிரிப்பு வரும். எண்ணாக இருந்தால்தானே அப்படி? மாத்திரை அட்டையைக் காட்டி "ஒன்ஸ் எ டே" என்று சொல்லும்போது வரும் சொல் வேறு. அது ஒரு நாளைக்கு ஒரு முறை என்பது. காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். எழுத்தில் வேறுபாடு தெரியும்.

தமிழில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? சொல்லின் கடைசி எழுத்துகள் செய்கின்றன. நல்ல + து, நல்லது. நல்ல + வர், நல்லவர். நல்ல + வை, நல்லவை. 'பெரியது கொடுங்க' என்று நாம் சொல்லும்போது, அந்தத் 'து' என்ற ஓர் எழுத்து குடையையும் சுமக்கும், குடத்தையும் சுமக்கும், பூசணிக்காயையும் சுமக்கும். ஆங்கிலத்தில் அப்படி ஒட்ட வழி இல்லை. தனியாக ஒரு சொல்லை நிறுத்துகிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு எச்சரிக்கை. பால், தண்ணீர், அரிசி போல எண்ண முடியாத பொருளுக்கு இந்த 'ஒன்' வராது. 'சூடானது' என்று பாலைக் காட்டி நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஹாட் மில்க்' என்று பாலையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இனி வருவதுதான் முக்கியம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஒரு தமிழ்ப் பெரியவரின் மகன் வயிற்றுவலியோடு படுத்திருக்கிறான். டாக்டர் வருகிறார். பெரியவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்துக் கேட்கிறார். "ஆபரேஷன் வேணுமா டாக்டர்?" என்பதுதான் கேள்வி. டாக்டர் அவசரத்தில் இருக்கிறார். "ஐ ஹோப் நாட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்.

பெரியவருக்கு இரண்டு சொற்களும் தெரியும். 'ஹோப்' என்றால் நம்பிக்கை. 'நாட்' என்றால் இல்லை. நம்பிக்கை இல்லை! வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுகிறார். ஊருக்குப் போன் போடுகிறார். வீட்டில் எல்லாரும் அழுகிறார்கள்.

டாக்டர் சொன்னது என்ன? "ஆபரேஷன் வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்." நல்ல செய்தி! அந்த 'நாட்' நம்பிக்கையோடு ஒட்டியது அல்ல. அது பெரியவர் கேட்ட கேள்வியோடு ஒட்டியது. 'ஆபரேஷன் வேண்டியிருக்காது' என்ற முழு வாக்கியத்தையும் அந்த ஒரு 'நாட்' தூக்கிக்கொண்டு வந்தது.

இதற்கு இணையானது 'சோ'. "மகன் பிழைப்பானா?" என்று கேட்டு, "ஐ ஹோப் சோ" என்று பதில் வந்தால், பிழைப்பான் என்று நம்புகிறேன் என்று பொருள். "ஐ திங்க் சோ" என்றால் அப்படித்தான் நினைக்கிறேன். இவற்றில் 'சோ' என்றால் 'ஆம்' பக்கம். 'நாட்' என்றால் 'இல்லை' பக்கம். எதற்கு ஆம், எதற்கு இல்லை? கேட்ட கேள்விக்கு. கேள்வியை மறந்துவிட்டுப் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரியவர் கதைதான்.

இன்னும் ஒன்று உண்டு. "ஐ ஆம் அஃப்ரெய்ட் சோ." அஃப்ரெய்ட் என்றால் பயம் என்று படித்திருப்போம். இங்கே டாக்டர் பயப்படவில்லை. "ஆமாம், சொல்ல வருத்தமாக இருக்கிறது" என்கிறார். "ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்" என்றால் "இல்லை, வருத்தமாக இருக்கிறது."

டாக்டர்களும் இப்படித் துண்டு துண்டாகப் பேசுவதைக் குறைத்துக்கொள்ளலாம். அழுதுகொண்டு நிற்கும் தகப்பனுக்கு ஒரு முழு வாக்கியம் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அதுவரை, "ஆபரேஷன்? யெஸ் ஆர் நோ?" என்று இன்னொரு முறை கேட்பதில் தவறு இல்லை. கேட்பது நம் உரிமை.

சொல்லை விடுவதற்குக் காசும் ஒரு காரணமாக இருந்தது. தந்தி நினைவிருக்கிறதா? தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் எத்தனை சொல்லை விடலாம் என்று எண்ணி எண்ணி எழுதினார்கள். "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி." தாய், கவலைக்கிடம், புறப்படு, உடனே. யாருடைய தாய்? யார் புறப்பட வேண்டும்? எழுதவில்லை. தந்தி யார் பெயருக்கு வந்ததோ அவரே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத வீடுகளில் தந்திக்காரரைக் கண்டதுமே ஒப்பாரி தொடங்கிவிடும். வேலை கிடைத்த செய்தியாகவும் அது இருந்திருக்கும்! இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. தந்தி போனாலும் அந்தச் சுருக்க நடை போகவில்லை. மருந்துப் புட்டியில் இன்றும் இருக்கிறது. "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி." வெளிப்பூச்சுக்கு மட்டும். எது வெளிப்பூச்சுக்கு? இந்த மருந்து. அதை எழுதவில்லை. குடிக்காதே என்றும் எழுதவில்லை. 'ஒன்லி' என்ற சொல்தான் 'குடிக்காதே' என்று சொல்கிறது. அந்தச் சொல்லை மட்டுமாவது அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் முறையாக ஆராய்ந்து ஒரு புத்தகம் 1976-இல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் இங்கிலாந்தில் பிறந்த ஹாலிடே. மற்றவர் ருகையா ஹசன் என்ற பெண்மணி. அவர் நம் நாட்டில் பிரதாப்கர் என்ற ஊரில் 1931-இல் பிறந்தவர். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் நிற்பது ஒன்று, சொல்லே இல்லாமல் விட்டுப்போவது இன்னொன்று என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். இவை தனித்தனி வாக்கியங்களை ஒன்றோடு ஒன்று கட்டும் நார் என்று விளக்கினார்கள். பூவைக் கட்டும் நார் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நார் இல்லாவிட்டால் மாலை இல்லை.

மறைந்த சொல்லைத் தேடுவது நமக்குப் புதிது அல்ல. தமிழ் இலக்கணத்தில் இதற்குத் தொகை என்று பெயர். நன்னூல் ஆறு வகைத் தொகைகளைச் சொல்கிறது. 'இராப்பகல்' என்கிறோம். இரவும் பகலும் என்பதில் 'உம்' மறைந்துவிட்டது. 'தண்ணீர்க்குடம்' என்கிறோம். தண்ணீரை உடைய குடம் என்பதில் இடையில் உள்ளது மறைந்துவிட்டது. குடம் தண்ணீரால் செய்ததா என்று யாராவது கேட்கிறார்களா? படிக்காத பாட்டிக்கும் அது புரியும். வெளியே சொல்லாததை உள்ளே நிரப்பிக்கொள்ளும் திறமை நம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை எந்த இடத்தில் நிரப்புவது என்பதுதான் பழக வேண்டியது.

கடைசியாக டிட்டோ. இது இத்தாலி நாட்டு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'முன்பு சொன்னது' என்று பொருள். மேலே எழுதியதையே கீழேயும் எழுதச் சோம்பல் வந்தால் டிட்டோ போடுவார்கள். நம் அலுவலகங்களில் டி, ஓ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் போட்டு, இரு பக்கமும் சிறு கோடு இழுப்பது வழக்கம். சிலர் இரண்டு சின்னக் கீற்று மட்டும் போடுவார்கள். தமிழில் இதற்கு 'மேற்படி' என்று எழுதுவோம். பழைய பத்திரங்களில் 'ஷை' என்று பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒன்றுதான்.

டிட்டோவுக்குச் சொந்தமாக ஒரு பொருளும் இல்லை. மேலே என்ன இருக்கிறதோ அதுதான் அதன் பொருள். மேலே 100 என்றால் இதுவும் 100. மேலே உள்ள 100-ஐ யாராவது 1000 ஆக்கினால், கீழே உள்ள டிட்டோ எல்லாம் அந்த நொடியே 1000 ஆகிவிடும். கீழே கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் 1000 வாங்கியவர்கள் ஆவார்கள். அவர்கள் வரிசையில் யாரும் பேனா வைக்கவே வேண்டாம். இது புரிகிறதா? புரியாவிட்டால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

தையல் கம்பெனி அக்காவிடம் திரும்பி வருவோம். முன்பண விஷயம் முடிந்து சில மாதம் ஆயிற்று. அதற்குள் பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் உட்கார்ந்து அவர் ஆங்கில எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். எண்கள் முன்பே தெரியும்.

ஒரு நாள் ஓவர்டைம் பதிவேடு வந்தது. முதல் வரிசையில் ஒரு பெயர். 12 மணி நேரம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இருபது பெயர்கள். மணி நேரம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் கோடு, டி, ஓ, கோடு. அக்கா பெயருக்கு நேரேயும் அதேதான். அவர் 15 மணி நேரம் வேலை பார்த்திருந்தார்.

கணக்கர் பேனாவை நீட்டினார். "சேம் ஃபார் யூ?" என்று கேட்டார். உனக்கும் அதேதானே என்று பொருள்.

அக்கா விரலை முதல் வரிசையில் வைத்தார். 12-ஐத் தொட்டார். பிறகு விரலை நேராகக் கீழே இறக்கித் தம் பெயருக்கு வந்தார்.

"நோ சார். நாட் சேம். ஃபிஃப்டீன்."

கணக்கர் தம் சின்ன நோட்டைப் புரட்டிப் பார்த்தார். 15 தான். டிட்டோவை அடித்துவிட்டு 15 என்று எழுதினார்.

"தொகையையும் எழுதுங்க சார். டிட்டோ வேண்டாம்" என்று அக்கா தமிழிலேயே சொன்னார். டிட்டோ என்ற சொல் மட்டும் கணக்கருக்குப் புரிந்தது. அது போதுமானதாக இருந்தது. தொகையை எண்ணிலும் எழுதினார், எழுத்திலும் எழுதினார். அதன் பிறகு அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குப் பின்னால் நின்றவர் பேனாவை வாங்கவில்லை. தம் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவைக் கேட்டார். அடுத்தவரும் கேட்டார். பதிவேடு முடிய அன்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று.